பட்டியலின் முதல் வரி

— கத்தாதேள். லேப்ல மத்தவாளும் இருக்கா. நீங்க சுடலைக்கண்ணன், பொண்ணு கோகிலவாணி, சரியா?

— அவதான். பதினாலு வயசு. கத்தாம என்ன செய்ய, மேடம்? உங்க பேப்பரைப் பாத்துதான் எங்க தாராவி டாக்டர் ஊசி போடுதாரு. அஞ்சு நாளாச்சு. காச்சல் நூத்தி நாலுல நிக்கி. பிள்ளை பெத்தவளையே யாருன்னு கேக்கா!

— அஞ்சு நாளாவா? கொண்டாங்கோ ரிப்போர்ட்டை. ஆமா, ரத்தத்துல டைஃபாய்டு கிருமி. நாங்கதான் தட்டுல வளத்துப் பாத்தோம். என்ன ஊசி போடறார்?

— மொத வரில இருக்குல்லா, அமிக்காசின். அதுக்கு நேரா எஸ் போட்டிருக்கு. எஸ்ஸுன்னா மருந்து கேக்கும், ஆருன்னா கேக்காதுன்னு நீங்கதான அன்னைக்குச் சொன்னிய? டாக்டர் மேலேருந்து பாத்தாரு, மொத எஸ்ஸுல டிக் அடிச்சாரு. அம்புட்டுதான்.

— ஈஸ்வரா! அந்த வரியே இதுல இருக்கப்படாதே.

— இருக்கப்படாதா? பின்ன எதுக்குப் போட்டிய? பொய்யா எழுதுனிய?

— பொய்யில்லை. தட்டுல அந்த மருந்து இந்தக் கிருமியைக் கொல்றது. அது நெஜம். உடம்புல அப்படி இல்லை. இந்தக் கிருமி நம்ம செல்லுக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்கும், அமிக்காசின் அங்க போய் சரியா வேலை செய்யாது. அதனால டைஃபாய்டுன்னா அந்த வரியை எடுத்துட்டுத்தான் ரிப்போர்ட்டை வெளில விடணும். மெஷின் எல்லாத்தையும் கக்கும். மனுஷாதான் பாத்து எடுக்கணும்.

— அந்த மனுஷன் யாரு? கூப்பிடுங்க. மூஞ்சியப் பாக்கணும் எனக்கு. கீழ கையெழுத்துப் போட்டிருக்கே, எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். யாரு அது?

— ராஜலக்ஷ்மி. நான்தான்.

— நீங்களா?

— அன்னிக்கு ஒரே நாள்ல நாப்பது ரிப்போர்ட். மழைக்காலக் காச்சல் கூட்டம். பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். சாக்கு சொல்லலை, தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடுங்கோ.

— நீங்க மன்னிப்புக் கேட்டு எனக்கு என்ன ஆவப்போவுது? அங்க எம்பிள்ளைல்லா நடுங்கிட்டுக் கெடக்கா. பட்டறைக்கு ஒரு நாள் லீவு போடாதவன், அஞ்சு நாளா அவ தலமாட்டுலயே உக்காந்திருக்கேன்.

— திட்டுங்கோ. அப்புறமா வந்து எவ்வளவு வேணா திட்டுங்கோ. இப்போ நேரமில்லை. நாலாவது வரி பாருங்கோ, செஃப்ட்ரியாக்சோன். இந்தக் கிருமிக்கு அது கேக்கும், உடம்புலயும் கேக்கும். பெரிய ஆஸ்பத்திரில இப்பவே சேருங்கோ. அங்க டாக்டர்கிட்ட நானே ஃபோன்ல சொல்றேன்.

— பொழச்சிருவாளா, மேடம்? மழுப்பாமச் சொல்லுங்க.

— இன்னிக்கே சரியான மருந்து ஏறினா, பொழைப்பான்னு நம்பறேன். புது ரிப்போர்ட் அஞ்சு நிமிஷத்துல தரேன். அந்தப் பழசைக் குடுங்கோ, இங்கேயே கிழிச்சுப் போட்டுடறேன்.

— கிழிச்சாத் தீராது, மேடம்.

— ஏன்? கம்ப்ளெயிண்ட் குடுக்கறதுக்கு வேணுமா? வெச்சுக்கோங்கோ. நான் மறுக்க மாட்டேன்.

— அதில்ல. எங்க சால்ல, அந்த வரிசை வீடு முழுக்க, ஒரே கொழாத் தண்ணிதான். எல்லா வீட்டுலயும் இதே காச்சல். ஒரே தண்ணி, ஒரே பூச்சி, ஆளாளுக்கு எதுக்கு ரத்தம் குடுத்து நாலு நாள் காத்துக் கெடக்கணும்னு நான்தான் பெரிய மனுஷனாட்டம் சொன்னேன்.

— சொல்லிட்டு என்ன பண்ணினேள்?

— இந்த ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் போட்டு ஒம்பது வீட்டுக்குக் குடுத்திட்டேன், மேடம். அத்தனை பிள்ளையளுக்கும் இப்பம் மொத வரியத்தான் போட்டுக்கிட்டிருக்காவ.