ஒரே பந்தியில்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மடியில் கல்யாணப் பத்திரிகைப் பை. திடீரென்று கேட்டார்:

“ஜப்பான் சம்பந்தியையும் அமெரிக்கா சம்பந்தியையும் ஒரே பந்தியில உக்கார வைக்கலாமா?”

“ஏன், சாம்பார் பத்தாதா?”

“விளையாடாத. நம்ம மருமகளோட பாட்டி ஹிரோஷிமா குண்டுல தம்பியைப் பறிகொடுத்தவங்க. பொண்ணுக்கு வரப்போற மாப்பிள்ளையோட தாத்தா அந்தச் சண்டையில அமெரிக்கா சிப்பாய். இலை முன்னாடி அந்தப் பேச்சு வந்துட்டா?”

“வந்தாச்சுங்க. நேத்து நீங்க பந்தல்காரரைப் பாக்கப் போனப்ப ரெண்டு சம்பந்தியும் வீடியோ கால்ல பேசினாங்க. மருமகதான் எனக்குத் தமிழ்ல சொன்னா. அமெரிக்கா சம்பந்தி எடுத்ததுமே, ‘உங்க முகத்தைப் பாக்கத் தயக்கமா இருக்கு’ன்னாரு. ஜப்பான் சம்பந்தியம்மா, ‘எங்க ஆளுங்களும் எத்தனையோ ஊரை அழ வெச்சாங்க. நாம பேசாம இருந்தா யாருக்கு என்ன ஆறும்?’னாங்க. ரெண்டு பேருக்குமே இலையில சாப்பிடத் தெரியாதாம். பக்கத்துல பக்கத்துல உக்காந்து கத்துக்கப் போறாங்களாம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

“அது இருக்கட்டும். ஜீயபுரத்துல உங்க அண்ணன், அவரு எந்தப் பந்தி?”

“அந்த ஆளு வாய்க்கால் தண்ணியை அடைச்சு என் நெல்லைக் காய விட்டவரு.”

“குண்டு போடலையே.”

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. சத்திரத்தில் இறங்கியதும் அவர் ஜீயபுரம் பஸ் எங்கே நிற்கும் என்று கண்டக்டரிடம் கேட்டார். பிறகு மனைவியிடம் சொன்னார்:

“முதல்ல வெத்தலை, பழம் வாங்கிக்க. வெறுங்கையோடவா அண்ணன் முன்னாடி போய் நிக்கிறது?”