குருவம்மாளுக்குக் கொடுத்த தூக்கம்

எனக்கு மத்தியானத்தில் தூங்கும் பழக்கம் கிடையாது. சாப்பிட்டதும் கண் செருகுகிற ஆட்களைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும். எங்கள் டாக்டர் பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடுவார். மறுபடி வர ஐந்தாகும். இடைப்பட்ட நேரத்தில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கம்பவுண்டரான நான்தான் எல்லாம். மருந்துப் புட்டிகளைக் கழுவுவேன், கட்டுத் துணிகளை வெந்நீரில் போடுவேன், உள்ளே படுத்திருக்கிற ஒன்றிரண்டு பேரைப் பார்த்துக்கொள்வேன். பதினெட்டு வருஷம் அப்படிப் போயிற்று. தூங்குகிற முகங்களை என்னளவுக்குப் பார்த்தவர்கள் சாத்தூர்ப் பக்கத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

சீனிச்சாமி எழுதிப்போட்ட மனுவின் பேரில் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அது அவனுடைய ஐந்தாவது மனு என்றும் சொன்னீர்கள். அவன் பெண்டாட்டி குருவம்மாள் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. நான் எதையும் ஒளிக்கப்போவதில்லை. வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும் என்பதால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மல்லாங்கிணற்றிலிருந்து ஒச்சப்பன் என்று ஒரு சம்சாரியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மானாவாரி நிலம். மழை பொய்த்ததில் தூக்கம் கெட்டு, நாள் முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தார். தூங்குவதற்கு டாக்டர் புரோமைடு மிக்சரும் லூமினல் மாத்திரையும் எழுதினார். இரண்டாம் நாள் மத்தியானம், கண் பாதி மூடியிருக்கும்போது, "மழை பேஞ்சிருச்சா?" என்று கேட்டார். ஆறுதலுக்காக, "பேஞ்சிருச்சுய்யா, ஓடையில தண்ணி ஓடுது" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

விழித்ததும் தன் மனைவி ராமுத்தாயிடம், ஓடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். முழங்காலளவு தண்ணீராம். கரிசல் நனைந்த வாசனையைச் சொன்னார். கரையில் ஒரு நண்டு வளைக்குள் தண்ணீர் இறங்கியதைச் சொன்னார். "இந்தா, காலெல்லாம் சகதி" என்று காலைத் தூக்கியும் காட்டினார். ராமுத்தாய் அந்தச் சுத்தமான காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊருக்குப் போய், வறண்டு கிடந்த ஓடையைப் பார்த்துவிட்டு அவர் நாலு நாள் சாப்பிடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்காக நான் வருத்தப்பட்டேன்.

ஆனால் அந்த நண்டு வளையை நான் மறக்கவில்லை. நான் கொடுத்தது ஒரு வரி. மீதியை அவரே கட்டிக்கொண்டார். விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் ஒரு வாசல்படி இருக்கிறது. நாம் எல்லோரும் அதை ஒரே எட்டில் தாண்டிவிடுகிறோம். மருந்து ஆளை அந்தப் படியிலேயே நிறுத்தி வைக்கும். அங்கே நிற்பவர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள். யார் கொடுத்தது என்பது மட்டும் மறந்துபோகும். அப்படித்தான் அப்போது நினைத்தேன்.

அறுபத்தொன்றில், தீபாவளி சீசனில், சாத்தூருக்குக் கிழக்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்தைக் கலந்து அலசும் அறை வெடித்தது. நாலு பெண்கள் செத்துப்போனார்கள். அதில் ஒருத்தி குருவம்மாளின் தங்கை அய்யம்மாள். பின்வாசலில் தண்ணீர் மொள்ளப் போயிருந்த குருவம்மாள் மட்டும் வெளியே தூக்கியெறியப்பட்டுப் பிழைத்தாள். இடது கையும் கழுத்தும் வெந்திருந்தன. அவளை எங்களிடம்தான் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன் என் தம்பி உக்கிரபாண்டி. எட்டு வயதில் தாய் தகப்பன் இல்லாமல் போனவனை நான்தான் வளர்த்தேன். வெடித்த மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னான்.

"அண்ணே, ஆர்டர் நிக்குதுன்னு மொதலாளி கத்துனாரு. அவசரத்துல செருப்பக் கழத்தாம உள்ள போயிட்டேன். லாடம் அடிச்ச செருப்புண்ணே. வாசல்ல சிந்திக் கெடந்த மருந்துல பொறி தட்டிருச்சு. நான் குதிச்சு ஓடிட்டேன்."

"யாரும் பாத்தாகளா?"

"குருவம்மா பாத்தா. பின்வாசல்ல நின்னுக்கிட்டு என் காலத்தான் பாத்தா."

விசாரணைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. உக்கிரபாண்டிக்கு மூன்று பிள்ளைகள்.

தம்பிக்காக மட்டும்தான் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது முழு உண்மை ஆகாது. அந்தப் பெண்ணை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவளுக்குத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் தங்கச்சி தெரிகிறாள் என்பாள். யார் பக்கத்தில் வந்தாலும், "நான் மட்டும் ஏன்யா பொழச்சேன்?" என்று கேட்பாள். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியைப் போலத் தூக்கத்தைக் கெடுப்பது வேறெதுவும் இல்லை. அவளுக்கு ஒரு பதில் தேவையாக இருந்தது. தூங்குவதற்கு டாக்டர் எழுதிய மருந்தை நான்தான் கலந்து கொடுத்தேன்.

சீனிச்சாமி காலையில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிவிட்டு வண்டி ஓட்டப் போய்விடுவான். டாக்டரும் போன பிறகு நான் அவள் கட்டிலருகே முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். மூச்சு நீண்டு, இமைக்குள் கண்மணி மெதுவாக உருளத் தொடங்கும்போது பேசுவேன். அதட்டியதில்லை. கதை சொல்வதுபோலத்தான் சொன்னேன்.

"போர்மேன் ஆபீசுக்குப் போயிட்டாரு, குருவம்மா. அங்கன அவரு இல்ல. உன் கையில இரும்புக் கரண்டி இருந்துச்சு. அது நழுவித் தரையில விழுந்துச்சு. பொறி பறந்துச்சு."

முதல் நாள் தலையை ஆட்டி மறுத்தாள். நாலாம் நாள் மறுக்கவில்லை, அழுதாள். ஏழாம் நாள், நான் சொல்லி முடிப்பதற்குள் அவளே பேசினாள். "கை வேர்த்திருந்துச்சுய்யா. அதான் வழுக்கிருச்சு" என்றாள். வேர்வையை நான் கொடுக்கவில்லை. அன்று எனக்கு ஒச்சப்பனின் நண்டு வளை ஞாபகம் வந்தது. மொத்தம் பதினொரு மத்தியானங்கள். கடைசி இரண்டு நாள் நான் வாயே திறக்கவில்லை. அவள் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவள் நன்றாகத் தூங்கினாள். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

விசாரணையில் அவள் தானாகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு கைநாட்டு வைத்தாள். அதிகாரி அவளிடம் எதையும் இரண்டாந்தரம் கேட்கவில்லை. அவள் தெருவிலிருந்து வருகிறவர்கள் தங்கள்மேல் குற்றம் சொல்லிக்கொண்டால் யாரும் இரண்டாந்தரம் கேட்பதில்லை. கம்பெனி ஒரு மாதத்தில் திறந்தது.

உக்கிரபாண்டி இருக்கன்குடிக் கோயிலில் கிடா வெட்டினான். குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். ஆற்று மணலில் இலை போட்டு உட்கார்ந்திருந்தபோது அவன் என் காதருகில் குனிந்தான்.

"அண்ணே, அந்த ரூமுல இரும்புக் கரண்டியே கெடையாதுண்ணே. அம்புட்டும் மரக்கரண்டி."

"அதிகாரி கேட்டாரா?"

"கேக்கல."

"அப்ப சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். நானும் சாப்பிட்டேன்.

குருவம்மாளின் பாடு அதன் பிறகு கஷ்டமாகத்தான் போயிற்று. அவளைப் பெற்ற தாய் மாடத்தியே, "தங்கச்சியத் தின்னுட்டு வந்து நிக்கியேடி" என்று மண்ணை வாரித் தூற்றினாள். செத்த மற்ற மூன்று பேரின் வீடும் அதே தெருவில்தான். அவள் குடத்தோடு வந்தால் மற்ற பெண்கள் கிணற்றைவிட்டு நகர்ந்து நின்றார்களாம். இதையெல்லாம் சீனிச்சாமி கட்டு மாற்ற அழைத்து வரும்போது சொல்வான். நான் எதிர்பார்க்காத விஷயம் இது. ஒரு ஆள் தூங்குவதற்கு அவள் மனசு மட்டும் போதாது, தெருவும் வேண்டும் என்பது எனக்கு அதுவரை தோன்றவில்லை. அவளுக்கு மறுபடி தூக்கம் போயிற்று.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் அவள் தனியாக வந்தாள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன்.

"கம்பவுண்டரய்யா, ஒரு வெவரம் கேக்கணும்."

"கேளு."

"கரண்டி விழுற சத்தம் கேக்குது. கை வேர்த்திருந்ததும் தெரியுது. ஆனா அந்த ரூமுல எல்லாம் மரக்கரண்டிதானய்யா. ஆறு வருசமா அங்கன நான் இரும்பத் தொட்டதே இல்ல. இரும்புக் கரண்டிக்கு நான் எங்கன போவேன்?"

"மனசு கொழம்பிக் கெடக்கு, குருவம்மா. தூங்குனா சரியாப் போயிரும்."

அவள் நகரவில்லை. "இன்னொண்ணும் இருக்குய்யா. கரண்டி நழுவிருச்சுன்னு மொதல்ல ஒரு கொரலு சொல்லுது. அதுக்கப்புறந்தான் நழுவுது. அந்தக் கொரலு உங்க கொரலு மாதிரியே இருக்கு."

அவள் பேச்சில் கோபம் இல்லை. காணாமல் போன ஒரு பொருளை யாராவது பார்த்தீர்களா என்று விசாரிப்பது போலத்தான் கேட்டாள்.

"வீட்டுக்காரன்கிட்ட சொன்னியா?"

"கரண்டிய மட்டுந்தான் சொன்னேன். கொரலச் சொல்லல. உங்கள மாதிரிப் பெரியவுகள அப்படிச் சொல்லலாமா?"

நான் உள்ளே போய் மருந்து கலந்தேன். எவ்வளவு ஊற்றினேன் என்று நீங்கள் மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். ஒரு ஆள் விழிக்காமல் இருக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. கை தவறிக் கூடிப்போயிற்று என்று சொல்ல மாட்டேன். பதினெட்டு வருஷத்தில் என் கை ஒரு தரமும் தவறியதில்லை. அவள் தெரு ஆட்களுக்கென்று தனியாக வைத்திருந்த கிளாசில் ஊற்றி அவள் முன்னால் வைத்தேன்.

அவள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதக் குடிச்சா அந்தக் கொரலு நின்னுருமாய்யா?"

"நின்னுரும்."

"அவுகளுக்குச் சோறு பொங்கி மூடி வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றாள். புரோமைடு உப்புக்கரிக்கும். எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். அவள் சுளிக்காமல் ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு வெளியே போய்க் கிளாசைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையால் வெந்த கையை மூடிக்கொண்டு, முன்பு படுத்திருந்த அதே கட்டிலில் போய்ப் படுத்தாள்.

நான் முக்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாலரை மணிவாக்கில் மூச்சு நின்றது. ஐந்து மணிக்கு டாக்டர் வந்தார். தீப்புண்ணில் உடம்பு பலம் இழந்து இதயம் நின்றுவிட்டது என்று நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொடுத்தார். அவர்மேல் குற்றமில்லை. அவர் என்னை நம்பினார்.

ஆக, நீங்கள் கேட்டதற்குப் பதில் ஆமாம் என்பதுதான். சீனிச்சாமி மனுவில் எழுதியிருப்பதும் சரிதான், அந்த அறையில் இரும்பு இல்லை. ஒன்றை மட்டும் அவனிடம் நீங்கள் சொல்ல வேண்டும், அவன் மனசு ஆறும். அவளை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என்னைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் என் கையால் கொடுத்ததை வாங்கிக் குடித்திருப்பாளா?