பதினான்கு செட்டைத் துண்டுகள்

பெயர்: மதுசன் சுலோஜனா. வயது: 34. விலாசம்: கோயில் வீதி, சல்லி. தொழில்: மீன் ஆய்வுத் திட்டமொன்றில் தற்காலிகத் தரவு சேகரிப்பாளர். கூற்று பொலிஸ் நிலையத்தில் காலை 6.10 மணிக்குத் தொடங்கித் தமிழில் பதியப்பட்டது.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவர் தவராசா மதுசனுடன் வசித்து வருகிறேன். அவர் சுழியோடி. என்னை யாரும் இங்கே அழைக்கவில்லை. கணவரைக் கடலில் மறித்துப் பிடிக்கச் சொல்லி நானாகவே வந்தேன். நேரமில்லை என்று சொன்னேன். முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லும்படி எழுதுகிற ஐயா கூறியதால் அப்படியே சொல்கிறேன்.

போன வருடம் மாசி மாதம் திட்டத்துக்காரர் பொரிப்பகத்தில் வளர்த்த நாலாயிரம் கொடுவாக் குஞ்சுகளைச் சாம்பல்தீவுக் களப்பில் விட்டார்கள். அவற்றில் பாதிக்கு முதுகில் இலக்கம் போட்ட மஞ்சள் இழை குத்தியிருந்தது. மீன் பிடிபட்டால் இழையைக் கொண்டுவந்து தருபவருக்கு ஒரு தொப்பி. திரும்பி வரும் இழைகளை வைத்து, விட்ட மீனில் எவ்வளவு பிடிபடுகிறது என்று கணிப்பார்கள். இழைகளை வாங்குவது என் வேலை. அதோடு துறைக்கு வரும் கொடுவாக்களின் செட்டையில், அதாவது துடுப்பில், சிறு துண்டு வெட்டிக் குப்பியில் போட்டு, திகதியும் பிடித்த இடமும் எழுதி அனுப்ப வேண்டும். அந்தத் துண்டின் டிஎன்ஏயைத் தாய்மீன்களுடையதோடு ஒப்பிட்டால், இழை இல்லாத மீனும் பொரிப்பகத்து மீன்தானா என்று தெரிந்துவிடும்.

அதன் பின்னர் இந்த வருடம் ஆனி மாதம் ஒரு நாள், அனுப்ப வேண்டிய அறுபது குப்பியில் எனக்குப் பதினான்கு குறைந்தது. அன்று பின்னேரம் கணவர் ஒரு பேசின் நிறையக் கொடுவா கொண்டு வந்தார். எண்ணினால் சரியாகப் பதினான்கு. எல்லாவற்றுக்கும் வயிறு தளர்ந்து, கண்ணில் இரத்தம் கட்டி, நடுமுள் முறிந்து இருந்தது. எட்டு மீனின் முதுகில் இழை பிடுங்கிய துளை இருந்தது. டைனமைட் அடித்த மீன் எப்படி இருக்கும் என்று துறையில் பிறந்த எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. எந்த இடம் என்று மட்டும் கேட்டேன். சொன்னார். அதன் பின்னர் குசினியில் மீனை வெட்டும்போது செட்டையையும் வெட்டிப் பதினான்கு குப்பியை நிரப்பினேன். பிடித்த இடம் என்ற கோட்டில் அவர் சொன்ன பாறையின் பெயரையே எழுதினேன். படிவத்தில் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, அன்றைக்கு மட்டும் எழுதியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன் பின்னர் முந்தநாள் திட்ட அலுவலர் லக்சாயினி மிஸ் தொலைபேசி எடுத்தார். இழைக் கணக்குப்படி விட்டதில் நூற்றுக்கு மூன்றுதான் பிடிபடுகிறது, செட்டைக் கணக்குப்படி நாற்பது, ஆகவே யாரோ இழைகளைப் பிடுங்கி எறிகிறார்கள் என்றார். அதன் பின்னர், "சுலோ, அந்தப் பதினாலும் எங்கட மீன். ஒரே நாள், ஒரே பாறை. வலையில இப்பிடி விழாது. ஆர் கொண்டு வந்தது?" என்று கேட்டார். ஞாபகமில்லை என்றேன். வெள்ளிக்கிழமை அதிகாரிகளோடு பாறைக்குப் போவதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதைக் கணவரிடம் நான்தான் சொன்னேன். பயந்து வெடி அடிப்பதை விட்டுவிடுவார் என்று நம்பிச் சொன்னேன். அவர் சோற்றைச் சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவிவிட்டு, "அப்ப அவை வர முன்னம் ஒருக்கா அடிச்சிட்டு விடுவம்" என்றார். நேற்று முழுவதும் கெஞ்சினேன். கேட்கவில்லை.

இன்று விடிய ஐந்தரைக்கு அலுமாரிக்குப் பின்னாலிருந்து இரண்டு வெடி எடுத்தார். திரி என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. வழமையாகக் கூடப்போகும் யதுர்ஷன் அந்தத் திரியைப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்று வாசலிலிருந்தே திரும்பிப் போனார். நானும் திரி கட்டை என்று சொன்னேன். "நீளத் திரியெண்டா மீன் கலைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். ஏழு மணிக்கு முன்னர்தான் பாறைக்கு மேல் மீன் ஏறும். அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். அந்தப் பாறை இந்த நிலையத்துக்கு நேரே கடலில் இருக்கிறது.

அவரை மறியலில் போட்டாலும் பரவாயில்லை, இரண்டு கையோடும் இருக்கட்டும். எனக்கு வேறு கோரிக்கை இல்லை. படகு அனுப்பும்படி இதுவரை மூன்று தரம் கேட்டுவிட்டேன். கூற்று முடிந்து ஒப்பம் வைத்த பின்னரே மேலிடத்துக்கு அறிவிக்கலாம் என்று ஐயா கூறினார். அதனால் மிகுதியைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன்.

மேலே எழுதியதை ஐயா எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, 6.48 மணியளவில், கடற்பக்கமாக ஒரு சத்தம் கேட்டது. ஐயா வாசிப்பதை நிறுத்தி, அவர் வெடி போட்டுவிட்டாரா என்று என்னைக் கேட்டார். நான், "தண்ணிக்குள்ள வெடிச்சா இவ்வளவு சத்தம் வராது ஐயா" என்றேன். இதையும் சேர்த்து எழுதும்படி கேட்டேன், எழுதப்பட்டது.

மிகுதியும் வாசித்துக் காட்டப்பட்டது. நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை, எல்லாம் நடந்தபடியே என்று ஏற்று ஒப்பம் வைக்கிறேன்.

(ஒப்பம்) ம. சுலோஜனா
மு.ப. 6.57