அவன் கட் சொல்லவில்லை

"செத்தது போதும், எழுந்து வாடா, சாப்பிடலாம்."

"கழுத்து வலிக்குதுடா."

"வலிக்கட்டும். அந்த வலியிலதானே உனக்கு வசனமே வருது."

பதினான்கு வருடங்களாக, வாரத்துக்கு ஒரு தடவையாவது எங்களுக்குள் நடந்த பேச்சு இது. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவன் சினிமா எடுப்பவன். பெரிய கம்பெனி எதையும் அண்டாமல், தானே எழுதி, தானே எடுத்து, மூன்று படங்களை வெளியே கொண்டுவந்தவன். பள்ளியில் ஒரே பெஞ்ச். அவனைப் போல ஒரு சிநேகிதன் எனக்கு வேறு வாய்த்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

நடித்துப் பார்க்காமல் எந்தக் காட்சியையும் அவன் எழுத மாட்டான். மாடி அறையில் கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு ரெக்கார்டரை ஓடவிடுவான். கொல்கிறவன் அவன், சாகிறவன் நான். சாகும்போது என் வாயில் என்ன வருகிறதோ அதை மறுநாள் உட்கார்ந்து தட்டச்சு செய்வான். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டான். அந்த மரியாதை அவனிடம் இருந்தது.

இரண்டாவது படத்துக்கு ஒரு வாளிக் காட்சி. என் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். மூச்சு முட்டி, வாளியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். விடவில்லை.

"தட்டினேனே, கேக்கலையா?" என்றேன் இருமிக்கொண்டே.

"தட்டறதெல்லாம் கணக்கில்ல. வாயால 'கட்'னு சொல்லணும்."

"தண்ணிக்குள்ள எப்படிடா சொல்றது?"

"அது உன் பாடு" என்று சிரித்தபடி முதுகைத் தேய்த்துவிட்டான். அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம்.

அவன் மனைவி என்னை அண்ணா என்பாள், எனக்கு அவள் தங்கச்சி. நான் மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் "உயிரோட வந்துட்டீங்களா அண்ணா?" என்று கேட்டுக்கொண்டே எனக்கென்று ஒதுக்கிய தட்டை எடுத்து வைப்பாள். "அவருக்கு நீங்கதான் மூத்த தாரம், நான் இளையவ" என்று கேலி செய்வாள். எனக்குக் குடும்பம் என்று இருந்தது அந்த வீடுதான்.

படம் முடிந்ததும் ஓடும் நன்றிப் பட்டியலில் என் பெயர் வரும், மின்விசிறி பழுதுபார்த்தவருக்கு அடுத்ததாக. நான் எதுவும் கேட்டதில்லை. சிநேகிதத்தில் கேட்டு வாங்கினால் நன்றாகவா இருக்கும்.

மூன்றாவது படத்துக்கு விருது கிடைத்தது. நானும் தங்கச்சியும் இரண்டாவது வரிசையில் இருந்தோம். இவ்வளவு உயிருள்ள வசனம் எப்படி வருகிறது என்று மேடையில் கேட்டார்கள். "தனியா ஒரு ரூம்ல உக்காந்துக்குவேன். பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்க. தானா வரும்" என்றான். பொய் சொல்கிற முகம் இல்லை. நம்பித்தான் சொன்னான். நானும் கைதட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலாவது கதைக்கு உட்கார்ந்தோம். ஒருவன் தன் சிநேகிதனின் கழுத்தை நெரிக்கும் காட்சி.

"இன்னிக்கு ஒரு மாறுதலுக்கு நீ சாவு, நான் கொல்றேன்" என்றேன்.

"அடேங்கப்பா, பிணத்துக்குப் பதவி உயர்வா? சரி வா. ஆனா பாவம் பாத்துப் பாதியில விட்டுடாத."

மைக் வயரை இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலை அவன் முதுகில் ஊன்றினேன். அப்படிச் செய்ய வேண்டும் என்பது அவன் சொல்லிக்கொடுத்ததுதான். முதல் அரை நிமிடம் நன்றாக நடித்தான். பிறகு நடிப்பை விட்டுவிட்டான். குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டன. என் மணிக்கட்டைப் பிறாண்டியதில் அவன் நகம் ஒன்று பெயர்ந்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டது. வயர் தோலுக்குள் இறங்கி இரத்தம் கசிந்தது. தரையைத் தட்டினான். பதினொரு தடவை, எண்ணினேன். தட்டுவது கணக்கில்லை. எதிரே அலமாரிக் கண்ணாடியில் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கு வந்தது, சொல் வரவில்லை. நாலு நிமிடம் பத்து விநாடி காத்திருந்தேன். ரெக்கார்டரில் நீங்களே கேட்டிருப்பீர்கள், அவன் கட் சொல்லவில்லை. ஒரு வசனம்கூட வரவில்லை அவனுக்கு. எனக்கென்றால் வந்திருக்கும்.

கீழே இறங்கினேன்.

"உயிரோட வந்துட்டீங்களா அண்ணா? அவர் எங்க?"

"எழுந்துக்க மாட்டேங்கறான்மா."

"காட்சி நல்லா வந்துட்டா அப்படித்தான், அங்கேயே கிடப்பார்" என்று சொல்லி எனக்குப் பரிமாறினாள். சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் குறைவு. சொல்லவில்லை, மனசு கஷ்டப்படுவாளே என்று. நான் கை கழுவிய பிறகுதான் அவள் மாடிக்குப் போனாள்.

ஏன் செய்தாய் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். பெயருக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த ஆசை எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை. அவன் போட்ட சட்டப்படி நடந்துகொண்டேன், அவ்வளவுதான்.

கையெழுத்து இங்கேதானே? வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் முதல் வரியிலேயே அவன் பெயர் இருக்கிறது. என் பெயர் கடைசிப் பக்கத்தின் அடியில். பதினான்கு வருடமாக அவனிடம் கேட்க நினைத்து, நாக்கு நுனிவரை வந்து, விழுங்கிய ஒன்றை உங்களிடம் கேட்கிறேன்.

"ஐயா, எழுதினது நான்னு போட்டு, என் பேரை மேல போடுங்களேன். அவன் பேருக்கு மேல."