மேற்கே போன கடல்

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்ட பிறகு எனக்குக் கொஞ்சம் சோம்பலாக இருக்கும். கல்மண்டபத்தில் வலைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். துறைமுகத்தில் இறங்கும் மாலுமிகளுக்கு ஊரில் வழிகாட்டும் செயலி ஒன்று செய்துகொண்டிருந்தோம். திரைகளை வரைவது நான். பெயர் ஜெரின்.

அரபு மாலுமிகளுக்கும் வேண்டும் என்றார் முதலாளி அருள்நாதன். அரபு வலமிருந்து இடமாகப் போகிற எழுத்து. திரையும் அதற்கேற்பக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்ப வேண்டும். பட்டன் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், அம்புக்குறியும் அப்படியே. அதைச் சரிபார்க்க, அரபு படிக்கத் தெரிந்த ஜுபைரை மூன்று மாதத் தற்காலிக வேலைக்கு எடுத்தார்.

முதல் வாரமே என் திரைகளில் நாற்பத்தொரு தப்பு கண்டுபிடித்தான்.

"அல்லாத்தையும் திருப்பக்கூடாது மாமு. போன் நம்பரு திரும்பாது, மேப்பு திரும்பாது. நம்ம கடலு கெயக்காலதான கீது, அரபில பாத்தா மேக்கால பூடுமா?" என்று சிரித்தான்.

என்னை ஒருநாளும் மட்டம் தட்டியதில்லை. தப்பையெல்லாம் தானே திருத்திவிட்டு, என் பெயரையும் சேர்த்தே முதலாளியிடம் சொல்வான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவனை நிரந்தரமாக்கி எனக்கு மேலே உட்காரவைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. வேலை நிரந்தரமானால் நிக்காஹ் தேதி குறிக்கலாம் என்று அவனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டாரும் காத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது ஜுபைர் கம்ப்யூட்டரைப் பூட்டமாட்டான். "பாத்துக்க மாமு, தோ வந்துர்றேன்" என்பான். அரபுப் பக்கம் வெளியே போக அவன் ஒப்புதல் ஒன்றே போதும். எங்களில் வேறு யாருக்கும் படிக்கத் தெரியாதே. நான் பார்த்துக்கொண்டேன். மேப்பும் திரும்பட்டும் என்று ஒரே ஒரு வரியை மாற்றி, அவன் பெயரிலேயே ஒப்புதல் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிட வேலை.

மறுநாள் நான்கு மாலுமிகள் பிரியாணி சாப்பிடக் கிளம்பினார்கள். துறைமுக வாசலில் இடதுபுறம் தெற்கே திரும்ப வேண்டியவர்கள் வலதுபுறம் வடக்கே திரும்பி, ஷேர் ஆட்டோ ஏறி, கத்திவாக்கம் மீனவக் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களிடம் போய் மட்டன் பிரியாணி கேட்டிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள், இறால் குழம்பு ஊற்றிச் சோறு போட்டு அனுப்பினார்கள். அதற்குள் கப்பல் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. கப்பல் ஏஜென்ட் எங்கள் மாடிக்கே வந்து குதித்தார்.

"ஒன்ன நம்பித்தானய்யா வுட்டேன்" என்றார் அருள்நாதன்.

"கல்யாண நெனப்புல நாந்தான் எங்கியோ கோட்ட வுட்டுட்டேன் போல கீது" என்று சொல்லிவிட்டு ஜுபைர் பையை எடுத்துக்கொண்டு போனான். பெண் வீட்டாரும் பின்வாங்கிவிட்டார்கள். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது அரபுப் பக்கமும் என் பொறுப்பு. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. திரைகளை ஜுபைருக்கு அனுப்புவேன். பத்து நிமிடத்தில் தப்புகளைக் குறித்து அனுப்பிவிடுவான். தோஸ்துக்குச் செய்வதற்குக் கூலி எதற்கு என்கிறான். அவனை வேலையை விட்டுப் போக வைத்ததும் ஒரு வகையில் நல்லதற்குத்தான். இருந்திருந்தால், பாவம், எனக்கு உதவ அவனுக்கு நேரம் ஏது?