செல்வமலர் பேசின கலியாணம்

செல்வமலர்: இஞ்சேருங்கோ… அந்த ஐஸ்கிறீமை ஒருக்கா வாயாலை எடுத்துப்போட்டு எனக்கு மறுமொழி சொல்லுங்கோ. இந்தக் கிழமை முழுக்க வாடகைக்கு எடுத்த வானுக்கை அதுகள் ரெண்டும் என்ன கதைச்சதுகள்?

ஆனந்தராஜா: கதைச்சதுகள்தானே.

செல்வமலர்: என்ன கதைச்சதுகள்?

ஆனந்தராஜா: ஸ்டோன்ஹெஞ்சுக்குப் போகேக்கை, "யன்னலைச் சாத்துங்கோ, குளிருது" எண்டு மெற்றில்டா சொன்னவள்.

செல்வமலர்: அதுக்கு அவன்?

ஆனந்தராஜா: ஸ்கொட்லாந்திலை வைச்சு, "சாத்தித்தான் கிடக்கு" எண்டவன்.

செல்வமலர்: பகிடியை விடுங்கோ. இண்டையோட எங்கட சுத்துலா முடியுது. இந்தக் கிரீனிச்சையும் பாத்திட்டா நேரை மோர்டனிலை எங்கட வீடுதான். பிறகு அவள் ஆஸ்பத்திரியிலை, அவன் தான் வேலை செய்யிற பெற்றோல் ஷெட்டிலை… எங்கை இனிப் பிடிக்கிறது? நான் கிடந்து மண்டாடியெல்லோ ரெண்டு பேரையும் ஒரே கிழமை லீவு எடுக்க வைச்சனான்.

ஆனந்தராஜா: பிரிட்டன் பாக்கத்தான் லீவு எடுத்ததுகள் எண்டு நினைச்சன்.

செல்வமலர்: நினைப்பியள். மெற்றில்டாட்டை, "இவரோட தனியப் போனா ஒரு கதைபேச்சு இராது, நீயும் வா" எண்டன். யோகலிங்கத்திட்டை, "அண்ணைக்கு றோட்டு மப் பாக்கத் தெரியாது, நீ வராட்டி வானைக் கடலுக்கை விட்டிடுவார்" எண்டன்.

ஆனந்தராஜா: மினிகாப் ராக்ஸி ஓடுற என்னைப் பற்றியோ?

செல்வமலர்: ஒரு கலியாணத்துக்கு ஆயிரம் பொய் சொல்லலாம்.

ஆனந்தராஜா: ஆயிரத்தையும் என்ர தலையிலைதான் போட வேணுமோ?

செல்வமலர்: அவனும் நீங்களும் ஒரே அறையிலை கிடந்து, ஒண்டாச் சமைச்சுத் திண்டனீங்கள். நாப்பதை எட்டிப் பிடிக்கப் போறான். உங்களுக்கு ஒரு அக்கறை இருக்கோ? எங்கட ஆஸ்பத்திரியிலை மெற்றில்டாவைப் போலை ஒரு நேர்ஸ் இல்லை. நான் கிச்சினிலை நிக்கிறனான், எனக்குத் தெரியும். நோயாளி சாப்பிடேல்லை எண்டா சாப்பாட்டுக் கோப்பையோட கீழை இறங்கி வந்து, "வேறை ஏதும் இருக்கோ அக்கா" எண்டு கேக்கிறது அவள் ஒருத்திதான். இப்பிடிப் பிள்ளை கிடைக்குமே?

ஆனந்தராஜா: நான் கிடைக்கும் எண்டு சொல்லேல்லையே…

செல்வமலர்: வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சுக்குப் போறவள் எண்டு யோசிக்கிறானோ?

ஆனந்தராஜா: அவனோ? அவன் கோயிலுக்குப் போறதே மத்தியானச் சாப்பாட்டுக்கு.

செல்வமலர்: அப்ப நான் சந்தேகப்படுறதுதான் சரி. கிட்ட வாங்கோ… ரெலிபோன் பெட்டி.

ஆனந்தராஜா: என்ன ரெலிபோன் பெட்டி?

செல்வமலர்: சிவப்புப் பெட்டியைக் கண்டா அவன் நிண்ட இடத்திலை நிக்கிறேல்லை. எடின்பரோவிலை கோட்டை வாசல்மட்டும் வந்திட்டுத் திரும்பி ஓடினவன். லொக்நெஸ் ஏரியிலை எல்லாரும் தண்ணிக்குள்ளை பூதத்தைத் தேட, இவன் கரையிலை போன் தேடினவன். இப்ப பாருங்கோ, மேட்டிலை ஏறி வந்த கையோட கீழை இறங்கிட்டான். ஆரோ ஒருத்தி இருக்கிறாள்.

ஆனந்தராஜா: ஒருத்தியும் இல்லை.

செல்வமலர்: உங்களுக்கெப்பிடித் தெரியும்?

ஆனந்தராஜா: …தெரியாது. சும்மா சொன்னன்.

மெற்றில்டா: அக்கா, இந்தாங்கோ தேத்தண்ணி. அண்ணையின்ரைக்குச் சீனி போடேல்லை, பேந்து எனக்கு ஏசாதேங்கோ. என்ன, ரெண்டு பேரும் முழுசுறியள்?

ஆனந்தராஜா: ஒண்டுமில்லை. எடின்பரோவிலை கோட்டை பாத்தம், இஞ்சை கோடு பாக்கிறம் எண்டு கதைச்சனாங்கள்.

மெற்றில்டா: நான் இப்பதான் அந்தக் கோட்டிலை கால் அகட்டி வைச்சு நிண்டிட்டு வாறன். ஒரு கால் உலகத்தின்ர கிழக்குப் பக்கம், ஒரு கால் மேற்குப் பக்கம். படம் எடுக்கத்தான் ஆளில்லை… அவர் எங்கை?

செல்வமலர்: எவர்?

மெற்றில்டா: அதுதான்… மப்காரர்.

ஆனந்தராஜா: நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்.

செல்வமலர்: ஓம், போங்கோ, போங்கோ. மெற்றில்டா, நீ இப்பிடி இரு. புல்லு ஈரமில்லை, இரு. உன்னோட ஒரு விஷயம்…

மெற்றில்டா: ஐயோ அக்கா, இந்தக் குரலிலை நீங்கள் தொடங்கினா எனக்குப் பயம்.

செல்வமலர்: யோகலிங்கத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய்?

மெற்றில்டா: மப்பைத் தலைகீழாப் பிடிக்கிறார். வேல்ஸுக்கெண்டு ஆட்டுப் பண்ணைக்குக் கூட்டிக்கொண்டு போனவர்.

செல்வமலர்: ஆளைப் பற்றிக் கேக்கிறன்.

மெற்றில்டா: ஆள்… சாப்பிடேக்கை சத்தம் போடுறார். பிழை எண்டு தெரிஞ்சாலும் ஒத்துக்கொள்ளுறேல்லை. குளிருக்குத் தொப்பி போடச் சொன்னாக் கேக்கிறேல்லை…

செல்வமலர்: நீ எப்ப தொப்பி போடச் சொன்னனீ?

மெற்றில்டா: …பொதுவாச் சொல்லுறன் அக்கா. நேர்ஸ்தானே நான்.

செல்வமலர்: சரி, கேள். நான் ஒளிக்கேல்லை. உங்கள் ரெண்டு பேருக்கும் பேசிச் செய்யலாமெண்டுதான் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு திரிஞ்சனான். ஆனா இப்ப எனக்கே மனம் கேக்கேல்லை. அவனுக்கு எங்கையோ ஒருத்தி இருக்கிறாள் போலை கிடக்கு. எந்த நேரமும் போன். உன்னை அப்பிடி ஒருத்தன்ர கையிலை குடுத்திட்டு நான் நித்திரை கொள்ளமாட்டன். ஏன் சிரிக்கிறாய்?

மெற்றில்டா: சிரிக்கேல்லை அக்கா… தேத்தண்ணி புரைக்கேறிட்டுது. அங்கை பாருங்கோ, ரெண்டு பேரும் ஓடி வருகினம்.

செல்வமலர்: எங்கட இவரும் ஓடுறாரோ? கடவுளே, என்ன நடந்தது? டேய் யோகம், ஏன் அழுறாய்?

யோகலிங்கம்: முடிஞ்சுது… அக்கா, முடிஞ்சுது…

மெற்றில்டா: தாலி ஏறிட்டுதோ?

யோகலிங்கம்: ஓம். காலமையே ஏறிட்டுதாம். லொட்ஜிலை எல்லாரும் கோயிலுக்குப் போனதாலை போனெடுக்க ஆளில்லை. இப்பதான் அம்மாவோட கதைச்சனான்.

மெற்றில்டா: மாதாவே…

செல்வமலர்: ஆருக்குத் தாலி? என்ன லொட்ஜ்? ஆராவது எனக்குத் தமிழிலை சொல்லுங்கோவன்!

ஆனந்தராஜா: இவன்ர தங்கச்சி தவமலருக்கு, செல்வம். இண்டைக்குக் கொழும்பிலை கலியாணம்.

யோகலிங்கம்: அம்மாவும் அவளும் யாழ்ப்பாணத்திலையிருந்து கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வந்து, வெள்ளவத்தையிலை ஒரு லொட்ஜிலை இருந்தவை அக்கா. மாப்பிள்ளை சுவிஸிலையிருந்து வந்து இறங்கவே சுணங்கிப்போச்சு. அதுதான் போற போற இடமெல்லாம் போன் எடுத்தனான். என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை, எனக்குக் கொழும்புக்குப் போக ஏலாது. அறையிலை தனிய இருந்தா விசர் பிடிச்சிடும். நீங்கள் கூப்பிட்டது நல்லதெண்டு வந்தனான்.

செல்வமலர்: தவத்துக்கோ! எத்தினை வருசமாப் பேசி, குழம்பிக் குழம்பிப் போன பிள்ளை… ஏன்ரா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? ஆர் மாப்பிள்ளை?

யோகலிங்கம்: வெம்பிளி சிவனேஸ்வரி அக்காவின்ர பெறாமகன்.

செல்வமலர்: சிவனேஸ்வரி அக்காவின்ரையோ? அந்த மனிசி ஒவ்வொரு நாளும் என்னோட போனிலை கதைக்குது, வாய் திறக்கேல்லையே!

யோகலிங்கம்: அவையும் கண்ணூறு பட்டிடும் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

செல்வமலர்: என்ர கண்ணோ ஊறு படுற கண்? சரி… போகட்டும். நல்ல நாளிலை சண்டை வேண்டாம். பிள்ளை நல்லாயிருக்கட்டும். கண்ணைத் துடை. இப்ப சொல்லு, "தங்கச்சி இருக்க நான் கட்டமாட்டன்" எண்ட சாட்டு இனி இல்லை. இந்தா, மெற்றில்டா முன்னாலை நிக்கிறாள். நேரடியாக் கேக்கிறன். வேதம் எண்டு யோசிக்கிறியோ?

யோகலிங்கம்: நான் ஏன் யோசிக்கிறன்? சிவனேஸ்வரி அக்கா பகுதி யோசிக்கும் எண்டுதான் பயந்தனான். "தமையன் வேதத்திலை கட்டினவனாம்" எண்டு ஒரு சொல்லு அங்கை போயிருந்தாக் காணும். தவம் திரும்பவும் மூலையிலை இருந்திருப்பாள்.

செல்வமலர்: அது சரி, அந்தப் பகுதி கொஞ்சம் அப்பிடித்தான்… பொறு. என்ன சொன்னனீ? கட்டினவனாமோ?

யோகலிங்கம்: அது… வாய் தவறி வந்திட்டுது அக்கா.

செல்வமலர்: "கட்டப் போறானாம்" எண்டெல்லோ வரவேணும்?

மெற்றில்டா: அக்கா, கோவிக்காதேங்கோ. போன மார்கழியிலை எங்களுக்கு எழுத்து முடிஞ்சுது. கவுன்சில் ஒஃபிசிலை.

செல்வமலர்: எழுத்தோ…? கலியாண எழுத்தோ? இவனுக்கும் உனக்குமோ?

மெற்றில்டா: ஓம் அக்கா.

செல்வமலர்: இஞ்சேருங்கோ, கேட்டியளே?

ஆனந்தராஜா: ஓம்… கேட்டன்.

செல்வமலர்: அப்ப வானுக்கை முகம் குடுத்துக் கதைக்காமல் பிடிச்ச சண்டையெல்லாம்?

யோகலிங்கம்: முதல்நாள் உங்களுக்காகப் பிடிச்சது. அந்த ஆட்டுப் பண்ணைக்குப் பிறகு உண்மையாகவே பிடிச்சிட்டம்.

மெற்றில்டா: பின்னை என்ன அக்கா? புருசன்காரன் அண்ணையோட ஒரு அறை, நான் உங்களோட ஒரு அறை. விடியவிடிய நீங்கள் "யோகலிங்கம் தங்கமான பெடியன்" எண்டு எனக்குச் சொல்லிக்கொண்டு கிடக்கிறியள். ஆருக்குத்தான் கோவம் வராது?

செல்வமலர்: சிரிக்காதேங்கோ ஒருத்தரும். எனக்கு… எனக்கு உண்மையாவே நோகுது. நான் உனக்குக் கூடப்பிறக்காத அக்கா எண்டெல்லோ இருந்தனான். நான் அவ்வளவு ஓட்டை வாயோ?

யோகலிங்கம்: இல்லை அக்கா…

செல்வமலர்: நீ பேசாதை. அவள் சொல்லட்டும்.

மெற்றில்டா: உங்களுக்குப் பொய் சொல்ல வராது அக்கா. கலியாணம் பேசச் சொல்லுற பொய் வேறை. "யோகலிங்கம் எப்பிடி ஆள்" எண்டு சிவனேஸ்வரி அக்கா போனிலை கேட்டா, நீங்கள் எங்களைக் காப்பாத்தத்தான் பாத்திருப்பியள். ஆனா உங்கட குரல் காட்டிக் குடுத்திடும். பேந்து தவத்தின்ர கலியாணம் உங்களாலை நிண்டதெண்டு ஆயுள் முழுக்க அழுவியள். அதை உங்கட தலையிலை வைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

செல்வமலர்: அப்ப வேறை ஆருக்குத் தெரியும்?

யோகலிங்கம்: தவத்துக்கு மட்டும் தெரியும். "அண்ணா, எனக்காக நிண்டு நிண்டு நீ கிழவனாப் போகாதை, எழுது" எண்டு அவள்தான் சொன்னவள். எழுதிப்போட்டும் தனித்தனி அறையிலைதான் இருக்கிறம் அக்கா. பஸ் ஸ்ராண்டிலை சந்திச்சாத் தெரியாத ஆக்கள் மாதிரி நிப்பம்.

செல்வமலர்: இந்தக் குளிருக்கையோ? மடையா… இஞ்சை வா. நீயும் வாடி. ஐயோ, தேத்தண்ணி ஊத்துப்பட்டுப் போச்சு… இருக்கட்டும். எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பியள் ரெண்டு பேரும்.

மெற்றில்டா: அக்கா, அழாதேங்கோ. எல்லாரும் பாக்கினம்.

செல்வமலர்: பாக்கட்டும். வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும். வாற சனிக்கிழமை எங்கட வீட்டிலை விருந்து. பிறகு சேர்ச்சிலை ஒருக்கா, கோயிலிலை ஒருக்கா. கூறைச் சீலை நான்தான் எடுப்பன், ஒருத்தரும் மறுத்துக் கதைக்கக் கூடாது. சிவனேஸ்வரி அக்காவுக்கு நானே போன் எடுத்துச் சொல்லுறன். தாலி ஏறிட்டுது, இனி என்ன செய்வாவாம்?

யோகலிங்கம்: அக்கா, அதுக்கொரு கிழமை பொறுங்கோவன்…

செல்வமலர்: சரி, மூண்டு நாள் பொறுக்கிறன். அதுக்கு மேலை என்னாலை ஏலாது. எங்கை நில்லுங்கோ ரெண்டு பேரும், அந்தக் கோட்டிலை, கிட்டக் கிட்ட. இனியென்ன வெக்கம்? இவர் படம் எடுப்பார். எழுத்து நடந்த அண்டைக்கு ஒரு படமும் எடுத்திருக்கமாட்டியள். ஒரு ஆள் துணை இல்லாமல்… ஏன் மெற்றில்டா, எழுத்துக்கு ரெண்டு சாட்சி வேணுமெல்லோ?

மெற்றில்டா: ஓம்… ஆஸ்பத்திரியிலை என்ர வோட்டிலை வேலை செய்யிற ஐரிஷ் நேர்ஸ் ஒருத்தி வந்தவள்.

செல்வமலர்: அது ஒண்டு. மற்றது?

யோகலிங்கம்: அண்ணை, வான் திறப்பைத் தாங்கோ. நான் போய் வானைப் பாத்துக்கொண்டு…

செல்வமலர்: நில்லடா. மற்றச் சாட்சி ஆர்? இஞ்சேருங்கோ… கமராவைப் பிறகு துடைக்கலாம். என்ர முகத்தைப் பாருங்கோ.

ஆனந்தராஜா: போன மார்கழியிலை ஒரு நாள், "ஹீத்ரோவுக்கு ஒரு பெரிய ஆளை ஏத்திக்கொண்டு போறன்" எண்டு கோட்டுப் போட்டு, கழுத்துக்கு ரையும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டனான், ரையை நீர்தான் நிமிர்த்திவிட்டனீர்… அது ஹீத்ரோ இல்லை, செல்வம்.