செவந்திக்கு வந்த பார்சல்

— இல்லம்மா, வீட்டுக்குத் தர முடியாது. மெட்ராஸ் லைப்ரரியில பதினஞ்சு நாளைக்குத்தான் குடுத்திருக்காங்க. இப்படி ஒக்காருங்க, நானே படிச்சுச் சொல்றேன்.

— வீட்டுக்குக் கொண்டுபோயி நான் என்னத்தப் படிக்கப் போறேன் முருகப்பய்யா? ஒரு தடவ தொட்டுப் பாக்கத்தான் கேட்டேன். இதுக்காவ அஞ்சு மாசமா அரிமளத்துலேருந்து பஸ்ஸேறி வந்திருக்கேன்ல.

— சரி, தொடுங்க. பழைய தாளு, பாத்து.

— இம்புட்டு ஒல்லியாவா இருக்கும்? நான் பெரிய பொஸ்தகம்னுல்ல நெனச்சேன்.

— இது பத்திரிகைம்மா. டாக்டருங்க, தாங்க பாத்த நோயைப் பத்தி எழுதுறது. ஒங்க ஆஸ்பத்திரி டாக்டர் சீட்டுல பேரு எழுதிக் குடுத்தாரே, அது இதுதான். நம்ம காலேஜ் சயின்ஸ் லைப்ரரியில இருக்கிறதே ஆறு பீரோ. இது இங்க இல்ல. மெட்ராசுக்கு எழுதினேன், பதிலே வரல. திரும்ப எழுதினேன். முந்தாநாள்தான் பார்சல் வந்துச்சு.

— அந்த டாக்டரய்யாவும் மாத்தலாகிப் போயிட்டாக. மொத தடவ பாத்தப்ப, செவந்தி, ஒம்மக காலைப் பத்தி நான் எங்கயோ படிச்சிருக்கேன்னாக. காலைப் பத்தியெல்லாமா எழுதி வச்சிருப்பாகன்னு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

— எழுதித்தான் வச்சிருக்காங்க. இந்தப் பக்கத்தைப் பாருங்க.

— ஆத்தாடி! எஞ்சின்னப்பிள்ளையில்ல இது? எப்பய்யா படம் புடிச்சாக?

— ஒங்க மக இல்லம்மா. வடக்க ஏதோ ஒரு கிராமத்துப் பொண்ணு. நாப்பதாம் வருசம் எடுத்த படம்.

— முட்டி ரெண்டும் இடிச்சுக்கிட்டு, பாதம் அங்கிட்டும் இங்கிட்டுமா... அப்படியே நிக்கிறாளே. பல்லும் எம்மகளுக்கு மாதிரி காவியாத்தான் இருக்குமா?

— பல்லைப் பத்தியும் எழுதியிருக்கு. மொதல்ல மஞ்சளாகும், அப்புறம் காவியேறிக் குழி விழுமாம்.

— நாப்பதாம் வருசம்னா எம்புட்டு நாளாச்சு?

— இருபது வருசம்.

— எம்மகளுக்கே வயசு பத்துதான்யா. அவ பொறக்க முந்தியே தெரிஞ்சிருக்கு. எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லலியே.

— இங்கிலீஷ்ல அடிச்சு, மெட்ராஸ்ல ஒரு பீரோவுல இருந்திருக்கு.

— ஒங்களச் சொல்லலய்யா. நான் ஒங்களுக்கு ஒட்டுமில்ல ஒறவுமில்ல, எனக்காவ இம்புட்டு எழுதிப் போட்டிருக்கீக. சொல்லுங்க, எதனால வருதாம்?

— பொறுங்க, சொல்றேன். போன மாசம் ஒங்க கெணத்துத் தண்ணியும் ஊருணித் தண்ணியுமா ரெண்டு பாட்டில் கொண்டாரச் சொன்னேன்ல. கெமிஸ்ட்ரி வாத்தியார் தேனப்பன் அதைச் சோதிச்சுப் பாத்துட்டாரு. அவர் சொல்றதும் இதுல இருக்கிறதும் ஒண்ணாத்தான் இருக்கு.

— தண்ணியவா சொல்றாக?

— கெணத்துத் தண்ணிம்மா. பாறையில ஒரு உப்பு இருக்குமாம். நாக்குக்குத் தெரியாது. தண்ணியில கரைஞ்சு வரும். சின்னப் பிள்ளைங்க வருசக்கணக்காக் குடிச்சா, எலும்புல போய்த் தங்கிரும். கால் வளைஞ்சுரும்.

— எங்க தண்ணி எளநி மாதிரி இருக்குமேய்யா!

— இருக்கலாம்மா. இருந்தாலும் அதுதான்.

— அந்தக் கெணத்துல முப்பதடிக்குக் கீழ பூராவும் பாறை. எங்க வீட்டுக்காரவுகளும் அவுக தம்பியுமா எட்டு மாசம் ஒடைச்சாக. உள்ளங்கையில தோல் இருக்காது. தண்ணி ஊறுன அன்னைக்கு மேல ஏறி வந்து, மொதக் கையைச் சின்னப்பிள்ள வாயிலதான் ஊத்துனாக. அப்ப அவளுக்கு ஒண்ணேகால் வயசு.

— அழாதீங்கம்மா. கொஞ்சம் தண்ணி... இருங்க, இது இங்க டவுன் தண்ணிதான், குடிங்க.

— அந்தத் தண்ணிய நிப்பாட்டுனா கால் நிமுந்துருமாய்யா?

— வளைஞ்சது நிமிரும்னு இதுல எழுதல.

— இன்னொரு தடவ பாருங்க.

— மூணு தடவ படிச்சுட்டேன்மா. தேனப்பன் சாரையும் படிக்கச் சொன்னேன். இனிமே வளைவு கூடாமத் தடுக்கலாம், அம்புட்டுத்தான். சின்னவன் ஒருத்தன் இருக்கான்னீங்களே.

— நாகராசு. மூணு வயசு.

— அவன் காலைக் காப்பாத்திரலாம். இன்னைக்கே நிப்பாட்டணும். ஊருணித் தண்ணியில அந்த உப்பு ரொம்பக் கம்மி. வடிகட்டி, காய்ச்சிக் குடுங்க. நான் எல்லாத்தையும் தமிழ்ல ஒரு சீட்டா எழுதித் தாரேன். ஒங்க வீட்டுக்காரர் படிப்பாருல்ல?

— எழுத்துக்கூட்டிப் படிப்பாக. அய்யா... சீட்டுல கெணறுன்னு எழுதாதீக.

— பின்ன என்னன்னு எழுதுறது?

— ஊருணித் தண்ணி காலுக்கு மருந்துன்னு எழுதுங்க. தெனம் நானே போயி எடுத்தாந்துருவேன். கெணத்துத் தண்ணிதான் இப்படிப் பண்ணுச்சுன்னு அவுகளுக்குத் தெரியவே வேணாம்.

— அது பொய்யால்ல ஆயிரும்? அந்தக் கெணத்துல வேற யாராச்சும் எடுக்குறாங்களா?

— தெருவே அங்கதான் எடுக்குது. சோலையப்பன் வீடு, ராக்கன் வீடு எல்லாரும். எங்க வீட்டுக்காரவுகதான் வாங்க, வாங்கன்னு கூப்புட்டுக் குடுப்பாக. தண்ணி எறைக்க ஆளு வந்தாலே அவுக மொகம் மலந்துரும்யா.

— அந்த வீடுகள்ல பிள்ளைங்க இருக்கா?

— இருக்குதுக. தெருவுல பன்னண்டு புள்ளைக.

— பல்லு எப்படி இருக்கு?

— ராக்கன் மகளுக்கு... மஞ்சப் பூத்திருக்கு.

— இப்பச் சொல்லுங்க, நான் எப்படி மறைச்சு எழுதுவேன்?

— வேணாம்யா. உள்ளதையே எழுதுங்க. அவுக படிக்கிறப்ப நான் கிட்டக்க ஒக்காந்துக்கிறேன்.

— அவர் மேல ஒரு தப்பும் இல்ல, பாறைக்குள்ள இருக்கிறது யாருக்கும் தெரியாதுன்னும் எழுதுறேன்.

— அத மொதல்ல எழுதுங்க. மேல, பெரிய எழுத்தா.

— எழுதிட்டேன். ஒண்ணு கேக்கலாமா? ஊருணி ஒங்க வீட்டுலேருந்து ரொம்பத் தூரமோ?

— கூப்புடு தூரந்தான்யா.

— நல்ல தண்ணி அம்புட்டுக் கிட்டக்க இருக்கு. அதை விட்டுட்டு எட்டு மாசம் பாறையை ஒடைச்சு எதுக்கும்மா கெணறு வெட்டினாரு?

— எங்க மூத்தவ ஆறு வயசுல கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போயி அந்த ஊருணியிலதான்யா முழுகிப் போனா. இன்னொரு புள்ள தண்ணிக்குன்னு அங்கிட்டுப் போகக் கூடாதுன்னுதான் அவுக வெட்டுனாக.